பூனைக்கண் ஓவசியர் நமக்கு யார், வாப்பா?

என் உயிர் வாப்பாவுக்கு,

இந்தச் சாமத்தில் உங்களைக் கூப்பிடுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பிள்ளை இப்போதுதான் கண்ணயர்ந்தாள். அவள் விழித்திருந்தால் அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டே எழுத வேண்டியிருக்கும். அது என்னால் ஆகாது.

ஆம், உங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். நீங்கள் மவுத்தாகி எங்களை விட்டுப் போன துக்கம் ஆறுமுன்னே வந்துவிட்டாள். சுகமாக இருக்கிறாள். முடி செம்பட்டை, கண் சாம்பல் நிறம். கல்முனையில் எங்கள் தெருவில் இப்படி ஒரு கண் இல்லை.

உங்கள் மருமகன் சவூதிக்குப் போகும்போது அவள் வயிற்றில் இருந்தது எங்கள் இருவருக்குமே தெரியாது. அவர் போன கையோடு சூறாவளி அடித்தது. இடிந்த வீடுகளைக் கட்டித்தர வந்த வெள்ளைக்காரர்களுக்கு நான்தான் மொழிபெயர்த்தேன். படித்த பெண் என்று ஊர்தான் வந்து கூப்பிட்டது. இப்போது அதே ஊர் பிள்ளையின் கண்ணைப் பார்த்துவிட்டு விரல் மடித்து மாதம் எண்ணுகிறது.

போன கிழமை மாமியார் வந்தார். பிள்ளையைத் தூக்கவில்லை. வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார்.

"இது எங்கட ஆக்கள்ர கண் இல்லகா. உங்கட குடியிலயும் இல்ல. பின்ன எங்கிருந்து வந்த?"

"அல்லாஹ் குடுத்த, மாமி."

"குடுக்கிறவன் அல்லாஹ்தான். ஆரைக் கொண்டு குடுத்தான் எண்டுதான் கேக்கன்."

போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். "வாற மாசம் மகன் வாறான். எந்த ஊட்டுக்குப் போறதெண்டு அவன்தான் யோசிக்கோணும்."

அதன் பொருள் உங்களுக்குத் தெரியும், வாப்பா. நம் ஊரில் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குத்தானே வருகிறான். நீங்கள் எனக்குச் சீதனமாகத் தந்த இந்த வீட்டு வாசலில் அவர் பெட்டியை இறக்காமல் தன் உம்மா வீட்டில் இறக்கினால், பிறகு வாயால் ஒரு தலாக்கும் சொல்லத் தேவையில்லை.

நம் குடி உம்மா வழியில் வருகிறது. உம்மாவின் உம்மா, அவருடைய உம்மா என்று நான் மடமடவென்று ஒப்பிப்பேன். அதில் வெள்ளைக்காரன் யாரும் இல்லை. உங்கள் வழியில் யார் யார் என்று எனக்குத் தெரியாது. கலியாணம் முடித்து வந்த வீட்டிலேயே கரைந்துபோகும் ஆண்களை இந்த ஊரில் யார் எண்ணி வைத்தார்கள்?

அதனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, அக்கரைப்பற்றுக்கு உங்கள் தங்கையிடம் போனேன். அவர் அவளைக் கண்டதும் சிரித்துவிட்டார்.

"பூனைக்கண் எண்டா என்ன, எலி புடிக்கவா போகுது? எங்கட மூத்தவாப்பாக்கும் இதே கண்தான்கா. நான் சின்னதில கண்டிருக்கன். வெள்ளைக்காரன்ட மகன்தானே அவர்."

உங்கள் பாட்டனாருக்கே இந்தக் கண் என்றதும் எனக்கு மூச்சு வந்தது. "ஆர் அந்த வெள்ளைக்காரன்?" என்றேன். உங்கள் தங்கை எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அயர்லாந்துக்காரனாம். இங்கிலீஸ்காரன் எண்டு சொன்னா அடிக்க வருவானாம். அவங்கட ஊரில பஞ்சம் வந்து, அண்ணனும் தம்பியுமாக் கப்பலேறினவங்க. ரெண்டு பேரும் வாய்க்கால் வெட்டுற வேலையில கூலிகள மேய்க்கிற ஓவசியர். ஒருத்தன் கலிமாச் சொல்லி இஸ்லாத்துக்கு வந்து, நம்மட ஊட்டுக்கு மாப்பிள்ளையா வந்தான்."

"மத்தவன்?"

"வந்தவன் எவன் எண்டு தெரிஞ்சாத்தானே மத்தவனச் சொல்ல! உன்ட வாப்பா உசிரோட இருக்கக்க கேட்டா எழும்பிப் போயிருவாரு."

வாய்க்கால் வேலை, வெள்ளை ஓவசியர் என்றதுமே எனக்கு ஒரு பழைய கதை நினைவு வந்தது. இந்தக் கரையில் அந்தக் கதை தெரியாதவர் உண்டா? வேலையை விட்டு மதிய லுஹர் தொழப் போன ஒருவரை, பூனைக்கண் ஓவசியர் கம்பத்தில் கட்டி வெயிலில் நிறுத்தினான். பின்னேரத் தொழுகையான அஸருக்கு முன் அவர் உயிர் போனது. இன்றும் அழும் பிள்ளைகளைப் பூனைக்கண் ஓவசியர் வாறான் என்று சொல்லித்தான் அடக்குகிறார்கள்.

இறந்தவர் என் மாமியாரின் குடி. வருடா வருடம் அவர் பெயரில் கத்தம் ஓதிச் சோறு கொடுக்கிறார்கள். சம்பந்தியான பிறகும் நீங்கள் ஒரு வருடமாவது அந்தச் சோற்றுக்குப் போனீர்களா? நெஞ்செரிவு என்பீர்கள்.

நம் வீட்டுக்கு வந்தது அண்ணனா, தம்பியா? அந்தக் கொடுமையைச் செய்தவன் இருவரில் எவன்? குற்றமில்லாதவன்தான் நம் ஆள் என்றால் நீங்கள் ஏன் மறைத்தீர்கள்? மற்றவன்தான் என்றால், தொழப் போன மனிதனைக் கொன்ற அதே ஆள் பிறகு கலிமாச் சொன்னானா? பசிக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்தவனுக்கு இன்னொரு மனிதனை வெயிலில் கட்ட எப்படி மனம் வந்தது?

நான் வாயை மூடினால் பிள்ளைக்குத் தகப்பன் இல்லை என்றாகிவிடும். திறந்தால், அவள் தகப்பனின் குடியில் உயிர் எடுத்தவனின் இரத்தம் என்றாகிவிடும். உங்களிடம் கேட்க வழியில்லை. இன்று அஸருக்குப் பிறகு மாமியார் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"மாமி, இது எங்கட வாப்பா வழிக் கண். வாய்க்கால் ஓவசியர் ரெண்டு பேரில ஒருத்தர்ர கண். எவர் எண்டு தெரியா."

அவர் மடித்த வெற்றிலையைத் தட்டில் வைத்தார். "அப்ப நீ சுத்தமானவ எண்டு காட்டுறதுக்கு, எங்கட ஆளக் கொன்னவன்ட ரெத்தமா இருந்தாலும் பரவால்ல எண்டு சொல்றாய்?"

"ஓம், மாமி."

முதல்முறையாகப் பிள்ளையைத் தூக்கினார். சன்னலோரம் கொண்டுபோய் அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். அணைக்கப் போகிறாரா, கீழே போடப் போகிறாரா என்று தெரியாமல் நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். பிள்ளை அவர் முக்காட்டைப் பிடித்து இழுத்தாள். அவர் அதை விடுவித்துவிட்டு அவளை என்னிடம் தந்தார்.

"மகனுக்கு நான் ஒண்டும் சொல்ல மாட்டன். நீயே சொல்லு."

அவ்வளவுதான். நல்ல சொல்லா, கெட்ட சொல்லா என்று இன்னும் விளங்கவில்லை.

ஒளித்தாள் என்று நாளை யாரும் சொல்லக் கூடாது. அதனால் இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குத்தான் அனுப்புகிறேன். கோபிக்காதீர்கள், வாப்பா. ஒரு வாக்கும் தருகிறேன்: ஊர் சொல்லி இவள் அறியமாட்டாள். விபரம் தெரியும் வயதில், அந்த இரண்டு சகோதரர்களைப் பற்றியும் வெயிலில் இறந்தவரைப் பற்றியும் நானே உட்காரவைத்துச் சொல்வேன்.

இதை வாசிக்கும் பெரியவர்களே, அக்கரைப்பற்றில் எங்கள் வாப்பாவின் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவன் எவன் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? பதில் கெட்டதாக இருந்தாலும் எழுதுங்கள். பிள்ளையின் வாப்பா சவூதியிலிருந்து வந்து இறங்கும் முன் எனக்குத் தெரிய வேண்டும். தயவுசெய்து சீக்கிரம் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இளைய மகள், உங்கள் பேத்தியின் உம்மா,
றிஸ்வியா