வெளுக்காத மை

மார்ச் 3

கண்ணாடிக்காரிக்கு,

நலமா? பிரிந்து இரண்டு வருடம் கழித்துக் காரியத்துக்காக எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. வலது அக்குளில் நெறி கட்டியது. வெட்டி எடுத்துப் பார்த்தால் உள்ளே கன்னங்கரேல் என்று இருந்ததாம். தோல் புற்றுநோய் பரவியிருக்கலாம் என்கிறார் சர்ஜன். பயமாக இருக்கிறது. தினமும் மைக்ரோஸ்கோப்பில் இதைத்தானே பார்க்கிறாய்? அந்த நெறியிலிருந்து சீவி எடுத்த ஸ்லைடுகளை அனுப்பியிருக்கிறேன். விவாகரத்துப் பத்திரமும் கூட இருக்கிறது. அதற்கு அவசரமில்லை.

முசுடு

மார்ச் 9

முசுடுக்கு,

ஸ்லைடுகள் வந்தன. சட்டப்படி நான் இன்னும் மனைவி என்பதால் முடிவை நான் எழுதக்கூடாது. பக்கத்து மேஜை டாக்டரிடம் கொடுத்திருக்கிறேன். ஸ்லைடுகளோடு வந்த ஆஸ்பத்திரிப் படிவத்தில் ‘பச்சை குத்தியதுண்டா’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே? வலது தோளில் ஒரு சாண் நீளத்துக்கு என் பெயர் இருந்ததே! “வலிக்கவே இல்ல”ன்னு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது மறந்துவிட்டதா?

கண்ணாடிக்காரி

மார்ச் 12

கண்ணாடிக்காரிக்கு,

போன வருடம் ஆத்திரத்தில் லேசர் வைத்து அழித்துவிட்டேன். ஆறு தடவை. சர்ஜன் கேட்டபோதும் “அதெல்லாம் கிடையாது சார்”னுட்டேன். யார் பெயர் என்று அடுத்து கேட்டுவிடுவாரோ என்ற வெட்கம். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

முசுடு

மார்ச் 15

அன்புள்ள முசுடுக்கு,

சம்பந்தம் இருக்கிறது. புற்றுநோய் இல்லை.

மேக்ரோபேஜ் என்று சில செல்கள் உண்டு. கிருமி, செத்த செல், எதைக் கண்டாலும் விழுங்கும். பச்சை குத்திய மையையும் விழுங்கும், ஆனால் அதைச் செரிக்கத் தெரியாது. சாகும்வரை வைத்திருக்கும். செத்தால் அடுத்து வரும் செல் அதை எடுத்து விழுங்கிக்கொள்ளும். அத்தனை வருடம் பெயர் நிலைத்தது இப்படித்தான். லேசர் மையைத் தூளாக்கியது. அதில் கொஞ்சம் அக்குளுக்குப் போய்ச் சேர, அங்கிருந்த மேக்ரோபேஜ்கள் வாய்கொள்ளாமல் அடைத்துக்கொண்டிருக்கின்றன. புற்றுநோயின் கருப்பு என்றால் நாங்கள் போடும் மருந்தில் வெளுத்துவிடும். இது வெளுக்கவில்லை. புற்றுநோய் செல் ஒன்றுகூட இல்லை. பக்கத்து மேஜைக்காரர் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

மற்ற நெறிகளிலும் மை இருக்கலாம். தொந்தரவு செய்யாது, வெட்ட வேண்டாம்.

விவாகரத்துப் பத்திரத்தில் நானும் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன்.

இனி எந்த ஆஸ்பத்திரியில் கேட்டாலும் ‘உண்டு’ என்று எழுதுங்கள். யார் பெயர் என்று கேட்க அந்தப் படிவத்தில் இடமே கிடையாது.

கண்ணாடிக்காரி