வேலை தேடுகிறேன் என்று சொன்னபோது

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்றும் எட்டு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பினேன். எதிர்வீட்டு யிட்ஸ்கே கையசைத்தாள். நானும் அசைத்தேன். நான் வேலைக்குப் போவதாக அவள் நினைப்பு.

நான் வேலை பார்த்த ஜன்னல்திரைத் தொழிற்சாலை டிசம்பரிலேயே போலந்துக்குப் போய்விட்டது. ஆர்டர் பிரிவில் இருபத்திரண்டு வருடம் தொலைபேசி எடுத்தவள் இப்போது போவது ஸ்நேக் நகர நூலகத்துக்கு, மூலை மேசைக்கு. என் வீட்டுக்காரர் யெல்மருக்கு மட்டும்தான் தெரியும். "சொல்லிடேன் வீட்ஸ்கே" என்கிறார் தினமும். சொல்லலாம். நாளைக்கு.

ஐம்பத்தோரு வயதில் யாரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்?

பிப்ரவரி 6, வியாழன்

மூன்று விண்ணப்பம் அனுப்பினேன். ஒரே கடிதம்தான், நிறுவனத்தின் பெயரையும் சரக்கையும் மட்டும் மாற்றி.

பிப்ரவரி 7, வெள்ளி

எதையுமே மாற்றவில்லை.

ரொட்டித் தொழிற்சாலையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "உங்க கடிதத்தப் படிச்சேன். சின்ன வயசிலேருந்தே உங்களுக்கு சோபான்னா உயிராமே. நாங்க ரொட்டிதான் சுடுறோம்." நூலகத்தின் தரை பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. அவர் சிரித்துவிட்டார், அதனால் நானும் சிரித்தேன். "ஒரே கடிதத்தப் பத்து எடத்துக்கு அனுப்பாதீங்க. ஒரு எடத்துக்கு எழுதுங்க, ஆனா அவங்க விளம்பரத்துல என்ன கேக்குறாங்களோ அதுக்குப் பதில் எழுதுங்க" என்றார். வேலை கிடையாதாம். இருந்தாலும் இந்த வாரம் எனக்கு வந்த நல்ல அழைப்பு அது ஒன்றுதான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன். அக்கா ஹிஸ்கே புத்தகம் திருப்பிக் கொடுக்க நூலகத்துக்கு வந்தாள். என் மேசை முன்னால் வந்து நின்று, "ஆபீஸ எப்ப இங்க மாத்தினாங்க?" என்றாள்.

எல்லாம் கொட்டிவிட்டேன். அவள் தன் சலூனுக்குத் திரும்பவேண்டிய நேரம், ஆனாலும் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து கேட்டாள். "வேலை போனது உன் தப்பில்லடி. ஊருக்கே தெரியாம மறைச்சு வச்சா, வேலை இருக்குன்னு யாரு வந்து உங்கிட்ட சொல்லுவா?"



பிப்ரவரி 13, வியாழன்

நான் பாடும் பாட்டுக்குழுவில், காபி இடைவேளையில் எழுந்து நின்றேன். "எனக்கு டிசம்பர்லேருந்து வேலை இல்ல. ஜெர்மன் நல்லாப் பேசுவேன். கோவமா ஃபோன் பண்றவங்கள சாந்தப்படுத்துவேன். எங்கயாவது ஆள் தேடினா சொல்லுங்க."

பின்வரிசையிலிருந்து ரின்ஸ், "என் பொண்டாட்டி எப்பவும் கோவமாத்தான் ஃபோன் பண்றா. நீ இன்னிக்கே சேந்துக்க" என்றார். கூடமே சிரித்தது. அதன்பிறகு நிற்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

கிளம்பும்போது ரின்ஸ் தனியாக வந்தார். அவர் எஞ்சின் பழுது பார்க்கும் படகு வாடகை நிறுவனத்தில் முன்பதிவுக்கு ஆள் வேண்டுமாம், வருபவர்களில் பாதிப்பேர் ஜெர்மன்காரர்களாம். "விளம்பரம் வரட்டும்னு காத்திருக்காத. நீயே கூப்பிடு."

பிப்ரவரி 14, வெள்ளி

கூப்பிட்டேன். நின்றுகொண்டே பேசினேன், குரல் தெளிவாக வரும் என்று ஹிஸ்கே சொன்னாள். முதலாளி பெயர் ஃபைக்க. 25ஆம் தேதி நேரில் வரச் சொல்லியிருக்கிறார்.

அதற்கு முன்னால், வருகிற செவ்வாய்க்கிழமையே சோபாக் கடையிலும் நேர்முகம்! அந்தக் கடிதம் சரியான இடத்துக்கும் போயிருக்கிறதே.

பிப்ரவரி 20, வியாழன்

சோபாக் கடை வேண்டாம் என்றுவிட்டது. நன்றாகப் பேசினேன் என்றுதான் நினைத்திருந்தேன் — என்னதான் குறை? ஹிஸ்கே, "எங்கிட்ட ஏன் கேக்குற, அவங்களக் கேளு" என்றாள். கேட்டேன். நேர்முகம் நடத்திய பெண் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "எல்லாத்துக்கும் 'நாங்க'ன்னே சொன்னீங்க. நாங்க செஞ்சோம், நாங்க சரிபண்ணினோம். நீங்க என்ன செஞ்சீங்கன்னு கடைசிவரைக்கும் எங்களுக்குத் தெரியல."

சுருக்கென்றது. உண்மைதான், அதனால்தான்.

பிப்ரவரி 22, சனி

ஹிஸ்கேயின் சலூனில் ஒத்திகை. முடி உலர்த்தும் தொப்பிக்குள் தலையை விட்டபடி மூன்று வாடிக்கையாளர்கள், அவர்கள்தான் நேர்முகக் குழு. தொப்பி இரைச்சலில் ஒன்றும் கேட்காது, நான் கத்தித்தான் பதில் சொல்லவேண்டும். 'நாங்க' என்று வாயில் வந்தால் அவர்களில் ஒருவரான திருமதி போஸ்ட்மா கரண்டியால் கோப்பையைத் தட்டுவார். முதலில் ஒரே டிங் டிங்.

"நீ பேசுறதப் பாத்தா வேலை கேக்குற மாதிரி இல்ல, மன்னிப்புக் கேக்குற மாதிரி இருக்கு" என்றாள் ஹிஸ்கே. போஸ்ட்மா அதற்கும் தட்டினார்.

சாயங்காலம் வரும்போது கோப்பை மௌனம். தொண்டைதான் கட்டிவிட்டது.

பிப்ரவரி 25, செவ்வாய்

ஃபைக்கவின் அறையில் டீசல் வாசனை. கோபமான வாடிக்கையாளரைப் பற்றிக் கேட்டார். ஒரு புது விடுதி திறக்க ஒரு வாரம் இருக்கையில் தப்பான நிறத்தில் திரை போய்ச்சேர்ந்த கதையைச் சொன்னேன். நான் கூப்பிட்டேன், நான் ஒத்துக்கொண்டேன், நான் வேறு லாரி பிடித்தேன். என் காதுக்கே அது யாரோ கெட்டிக்காரியின் கதை மாதிரி இருந்தது.

ஏதாவது கேட்கவேண்டுமா என்றார். "போன வருஷம் இந்த மேசையில எது ரொம்பத் தலைவலியா இருந்துச்சு?" என்று கேட்டேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவர் பேச ஆரம்பித்தார். என் காபி ஆறிப்போகும்வரை பேசினார்.

பிப்ரவரி 28, வெள்ளி

கிடைத்துவிட்டது! மார்ச் 10 முதல்.

எதிர்வீட்டுக்குப் போய் யிட்ஸ்கேயிடம் உண்மையைச் சொன்னேன். "தெரியுமே. என் தங்கச்சி நூலகத்துலதான வேலை பாக்குறா. நீங்களே சொல்லட்டும்னு இருந்தோம்" என்றாள். கேக் வெட்டினோம்.

மார்ச் 22, சனி

மூன்று வாரமாக எழுத நேரமில்லை. நேற்று பாலத்தின் அடியில் படகு சிக்கிக்கொண்ட ஜெர்மன்காரர் ஒருவர் என்னைத் திட்டத் தொடங்கினார், முடிக்கும்போது என் பெயரைக் கேட்டு நன்றி சொன்னார்.

இன்று என் மேசைக்கு ஒரு செடி வாங்கப் போனேன். கையில் எடுத்ததைப் பார்த்து பூக்கடைக்காரி, "அது டிசம்பர்லதான் பூக்கும், பரவால்லியா? இப்பவே பூத்தது வேற இருக்கு" என்றாள்.

"இதையே குடுங்க" என்றேன்.