ஜோனாவின் பழுப்பு பாட்டில்

மார்ச் 1, சனி

தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கிவிட்டு, பக்கத்துக் கடையில் வழக்கம்போல் தேங்காய் எண்ணெயும் வாங்கினேன். யாருக்கு? பிரேம் தலையில் தடவினால் பளபளப்புதான் கூடும். கல்யாணத்துக்கு மறுவருடமே அவர் முடி விடைபெற்றுவிட்டது. என்னுடையது கழுத்தோடு வெட்டியாயிற்று. எங்கள் வீட்டில் முடி என்று சொல்லத் தக்கது மகள் ஜோனாவிடம்தான், இடுப்புவரை. அதை நான் தொட்டு இரண்டு வருடம் ஆகிறது. அவள் பஸ்ஸில் போனபோது எவனோ, தேங்காய்ப்பால் சோற்றை நினைத்து, "யாருமேல நாசி லெமாக் வாசன?" என்று கேட்டிருக்கிறான். அன்றோடு எங்கள் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் நின்றது.

மார்ச் 4, செவ்வாய்

ஜோனா பொங்கோல் மாலிலிருந்து ஒரு பழுப்புக் கண்ணாடி பாட்டில் வாங்கி வந்திருக்கிறாள். ரோஸ்மேரி எண்ணெயாம். மூடியிலேயே சொட்டுக்குழாய்.

"இது ஸ்கால்ப் ரிச்சுவல் மா. குளிக்கறதுக்கு முன்னாடி போடணும். யூடியூப்ல ஒரு ஸ்வீடன்காரங்க சொன்னாங்க."

ஸ்வீடன்காரி சொன்னால் ரிச்சுவல். அம்மா சொன்னால் நாசி லெமாக். இன்று பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன்.

மார்ச் 5, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு முடிவெடுத்தேன். தவக்காலத்தில் ஆளுக்கு ஒன்றை விடுவது வழக்கம்; இந்த முறை நான் விடப்போவது எரிச்சல்.

மார்ச் 8, சனி

எரிச்சலை விட்டேன். திருட்டுத்தனத்தைப் பிடித்துக்கொண்டேன்.

இடுப்புவரை முடிக்குச் சொட்டுக் கணக்கு எப்படிப் போதும்? அதற்குள் பாட்டிலில் கால்வாசிதான் மிச்சம். ஜோனா டியூஷன் போனதும் என் தேங்காய் எண்ணெயை அதில் ஊற்றிக் குலுக்கினேன், சந்தேகம் வராமல் பாதிவரைக்கும். இனிக் குறையும்போதெல்லாம் இப்படித்தான். என் கை படாவிட்டால் என்ன, என் எண்ணெயாவது அவள் தலையில் படட்டும்.

மார்ச் 13, வியாழன்

"என் முடி இப்ப எவ்ளோ சாஃப்ட் பாருங்க மா. எங்க கிளாஸ் முனீராகூட என்ன போடறேன்னு கேட்டா."

பார்க்கத்தான் சொன்னாள், தொடச் சொல்லவில்லை. அந்த ஸ்வீடன்காரிக்கு நன்றி சொல்லி கமெண்ட் வேறு போட்டிருக்கிறாளாம். உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால் பாட்டிலே குப்பைக்குப் போகும் — வேண்டாம்.

பிரேமிடம் மட்டும் சொன்னேன். "ஃபாதர்கிட்ட கன்ஃபெஷன் பண்ணிடு லா. அவருக்கும் வழுக்கைதான், புரிஞ்சுக்குவாரு" என்கிறார்.

மார்ச் 18, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன்.

பள்ளி விடுமுறை என்று பாட்டிலைத் தன் அறைக்குக் கொண்டுபோயிருக்கிறாள். அங்கே ஏசி இரவெல்லாம் இருபதில் ஓடும். காலையில் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தபடி என் முன்னால் வந்து நின்றாள். ஒரு சொட்டு விழவில்லை. உள்ளே வெள்ளையாக உறைந்திருந்தது.

"ரோஸ்மேரி உறையாது மா. தேங்காய் எண்ணெய்தான் உறையும். கூகுள் பண்ணிட்டேன்."

ஏதாவது கதை சொல்ல வாயைத் திறந்தேன். வேறொன்று வந்தது. "உன் தலையத் தொட்டு ரெண்டு வருஷம் ஆச்சுடி. எனக்கு வேற வழி தெரியல."

அழுதுவிட்டேன். நாற்பத்தாறு வயதில், ஒரு எண்ணெய் பாட்டிலுக்காக. வெட்கமாக இருந்தது. அவள் பாட்டிலோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிறகு குப்பைத்தொட்டியைப் போய்ப் பார்த்தேன். அதில் இல்லை.

மார்ச் 20, வியாழன்

ஜோனா சாப்பாட்டையும் அறைக்கே எடுத்துப் போகிறாள். தொட்டியை இன்றும் பார்த்தேன்.

மார்ச் 22, சனி

காலையில் துணி எடுக்கப் போனால், வாஷிங் மெஷின்மேல் வெயில் விழும் இடத்தில் அந்தப் பழுப்பு பாட்டில். எண்ணெய் உருகியிருந்தது.

ஹாலில் ஜோனா என் நாற்காலிக்கு முன்னால் தரையில், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். முடியை அவிழ்த்துவிட்டிருந்தாள். கண் போனில்.

"திங்கக்கிழம ஸ்கூல் மா. ரெண்டு தடவ ஷாம்பு போட்டு விடுவீங்கன்னா ஓகே."

"மூணு தடவ போடறேன்."

சொட்டுக்குழாயைக் கழற்றி ஓரமாக வைத்தேன். உள்ளங்கையில் ஊற்றி, உச்சியில் வைத்துத் தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் போனைக் கீழே வைத்துவிட்டாள். தலை மெல்லச் சாய்ந்து என் முழங்காலில் வந்து நின்றது.

பாட்டில் பத்து நிமிடத்தில் காலி. நான் அவளிடம் சொல்லவில்லை. வெறுங்கையால் இன்னும் அரை மணி நேரம் தேய்த்தேன். இதை ஃபாதரிடமும் சொல்வதாக இல்லை.