கோணல் கோடு

அருப்புக்கோட்டை,
பிரசவ வார்டு, அக்கா கட்டிலோரம்.

முகவரி இருந்தும் முகம் காட்டாத உனக்கு, உன் அம்மா முனீஸ்வரியின் தங்கை, அதாவது உன் சித்தி அனுசியா எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுத நீ இன்னும் அனுமதி தரவில்லை.

நீ சரியான அவசரக்குடுக்கை. எட்டாம் மாதத்திலேயே வலியைக் கிளப்பிவிட்டாய். உன் நுரையீரல் முதிர அக்காவுக்கு ஊசி போட்டிருக்கிறார்கள். அவள் வயிற்றில் பட்டை கட்டி, உன் இதயத் துடிப்பை ஒரு மெஷின் தாளில் கோடாக இழுக்கிறது. அந்தச் சத்தம் தூரத்துக் குதிரை போல ஓடுகிறது. கேட்கக் கேட்க நானும் உன்னோடு தண்ணீருக்குள் மிதப்பது போலக் கண் சொக்குகிறது.

காலையில் கோடு மேலும் கீழும் நெளிந்தது. புள்ள பதறுது, ஒருத்தரும் சத்தம் போடாதீக என்று என் அம்மா, அதாவது உன் பாட்டி, அதட்டினாள். பிரசவம் வரை கழற்றவே கூடாத வளைகாப்பு வளையல்களை அக்கா கையிலிருந்து தானே கழற்றித் துணியில் முடிந்தாள். அறை அடங்கியது. கோடும் நேரானது. அம்மா கும்பிட்டாள்.

நர்ஸ் சுகப்பிரியா பார்த்ததும் முகம் மாறினார். நெளிஞ்சாத்தாம்மா நல்லது, நேரா போனாத்தான் பயம். தூங்குதா, சோந்துருச்சான்னு தெரியணும் என்றார். நான் முடிச்சைப் பிடுங்கி வயிற்றருகே கலகலவென்று குலுக்கினேன். ஏலே, எந்திரிடா, இல்லாட்டி எந்திரிடி, எது பொருந்துதோ வச்சுக்கோ என்றேன். கோடு துள்ளியது. கோணலாக இருப்பதுதான் நல்ல பிள்ளைக்கு அடையாளம் என்று நான் எத்தனை வருஷமாகச் சொல்கிறேன்.

இப்போது வேறு கவலை. ஒவ்வொரு வலிக்கும் தொப்புள்கொடி நசுங்கி, உன் துடிப்பு இறங்குகிறது. அதை நீயேதான் இறக்குகிறாயாம். கண்மாய் வற்றும்போது மற்ற மடைகளை அடைத்து நாற்றங்காலுக்கு மட்டும் தண்ணீர் விடுவார்களே, அப்படிக் கை கால்களுக்குக் குறைத்து, மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தைத் திருப்புகிறாயாம். பள்ளிக்கூடமே இல்லாத அந்த இருட்டில் யார் சொல்லிக்கொடுத்தது? பதினொன்றாம் வகுப்பில் எனக்கே இது ஏறவில்லை.

வலி விட்டதும் ஏறிவிடுகிறாய். ஆனால் கடைசி வலிக்குப் பிறகு ஏறக் கொஞ்சம் தாமதம். இன்னும் தாமதித்தால் ஆபரேஷன்தான் என்கிறார் டாக்டர். உன் அப்பா திருப்பூரிலிருந்து பஸ்ஸில் வருகிறார். ஒன்னும் பேச வேணாம், மெஷின் பக்கத்துல போனை வச்சிரு போதும் என்றார். வைத்திருக்கிறேன்.

வளையல்கள் என் மடியில் இருக்கின்றன. இறங்கு, தங்கம், இறங்க வேண்டியதுதான். ஏற மட்டும் மறந்துவிடாதே.

அடுத்த வலி வருகிறது. குலுக்குகிறேன். கேட்கிறதா?

நீ வாய் திறந்து அழக் காத்திருக்கும்,
வாயாடிச் சித்தி