ஏழுமலைக்கு, பதினேழாவது இடத்திலிருந்து

துரோகத்திலும் ஒரு குறை வைக்காத என் அன்பு மாப்பிள்ளை ஏழுமலைக்கு,

இதை உன் படத்துக்கு முன்னால் நின்று மனத்துக்குள்ளேயே சொல்லியிருக்கலாம். பத்திரிகைக்கு அனுப்பியதற்குக் காரணம் இருக்கிறது. செங்கல்பட்டில் பாதிப் பேருக்குத் தெரிந்த ஒரு செய்தியை நீ என் ஒருவனிடம் மட்டும் மறைத்தாய். பதிலுக்கு நான் உன்னைப் பற்றி எல்லோரிடமும் சொல்கிறேன். கணக்கு சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

நீ போன பிறகு கோமதியோடு பேசுவதை நிறுத்திக்கொண்டேன். அவள் உன் மனைவி என்பதற்காக அல்ல, என் கூடப் பிறந்த தங்கை என்பதற்காக. அயலாராக இருந்தால் எப்போதோ மன்னித்திருப்பேன். அது என்னவாயிற்று என்று உனக்கு அங்கே யார் வந்து சொல்லப்போகிறார்கள்? நான்தான் சொல்ல வேண்டும்.

நம் கதை தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காக ஒரு வார்த்தை. மறைமலை நகரில் நீ வேலை பார்த்த தொழிற்சாலைக்கு ஒரு புதிய இயந்திரம் வந்தது. அதைப் பொருத்த ஜெர்மனியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை அவரை மாமல்லபுரம் கூட்டிப்போய் வெயிலில் வறுத்தெடுத்து அனுப்பினாய். அவர் பழிவாங்கும் விதமாகத் தன் ஊர் கால்பந்து கிளப்பின் கம்பளி மஃப்ளரை உனக்குப் பரிசளித்தார். சித்திரை மாதத்தில் செங்கல்பட்டில் கம்பளி மஃப்ளர்.

அன்றிலிருந்து நாம் இருவரும் அந்தக் கிளப்பின் ஆட்கள். ஜெர்மன் முதல் லீக்கில் பதினெட்டு கிளப்புகள். ஆண்டுதோறும் கோப்பை வாங்கும் பணக்கார கிளப்பும் அதில் உண்டு. அந்த இன்ஜினியர் அந்தப் பணக்கார கிளப்பின் ஊரில் பிறந்திருந்தால் நம் வாழ்க்கையே வேறு. ஆனால் அவர் பிறந்த ஊரின் கிளப், பட்டியலில் பாதிக்கு மேல் ஏறியதை நாம் பார்த்ததே இல்லை. பெயரை இங்கே எழுதவில்லை. அவமானப்பட அதற்கு வேறு காரணங்கள் போதுமான அளவு இருக்கின்றன.

சனிக்கிழமை ஏழு மணி ஆட்டம். மதுராந்தகத்தில் பத்திரம் எழுதி முடித்துவிட்டு நான் பஸ் ஏறி உன் வீட்டுக்கு வருவேன். அக்டோபர் கடைசியில் ஜெர்மன்காரன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் திருப்பி வைப்பான். அவன் நாட்டில் குளிர் வந்தால் செங்கல்பட்டில் கோமதியின் இட்லி ஒரு மணி நேரம் ஆறிப்போகும். "எவனோ எங்கியோ பந்து ஒதைக்கிறான், இவுங்களுக்கு இங்க மூச்சு வாங்குது" என்பாள். அவள் நம்மோடு உட்கார்ந்து ஐந்து நிமிடம் பார்த்ததில்லை.

ஆகஸ்டில் தொடங்கிய இந்த சீசனில் முதல் இரண்டு ஆட்டங்களை ஜெயித்தோம். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நீ எழுந்து நின்று, "மச்சான், இந்த வருசம் நம்ம வருசம்டா!" என்றாய். மூன்றாவது வாரத்திலிருந்து கிளப் தோற்க ஆரம்பித்தது. நீயும் மெலிய ஆரம்பித்தாய்.

"இன்னாடா, ஒடம்பு பாதியாயிட்ச்சு?" என்று கேட்டேன்.

"சுகரு மச்சான்."

நானும் நம்பிவிட்டேன். நம் மாவட்டத்தில் நாற்பதைத் தாண்டியவன் மெலிந்தால் சுகர், பெருத்தால் தைராய்டு. மேற்கொண்டு விசாரிப்பது மரியாதை இல்லை. நீ அந்த மரியாதையை நம்பித்தான் பொய் சொன்னாய், இல்லையா?

பிறகு நீ சனிக்கிழமைகளைத் தவறவிட ஆரம்பித்தாய். ஒரு வாரம் ஓவர்டைம். ஒரு வாரம் செய்யூர் பக்கம் சவுக்குத் தோப்பு பார்க்கப் போயிருந்தாய். ஒரு வாரம் உன் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றாய். உன் மாமியார் என் அம்மா என்பதை அந்த அவசரத்தில் மறந்துவிட்டாய். அம்மா என் வீட்டில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். நீ கட்சி மாறிவிட்டாய். தெருவில் எல்லோரும் பார்க்கிற இங்கிலீஷ் லீக்கை நீயும் ரகசியமாகப் பார்க்கிறாய். தோற்கிற கிளப்பை விட்டுப் போகிறவனைப் பற்றி எனக்குத் திடமான கருத்துகள் உண்டு. டிசம்பரில் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் அவற்றை உன்னிடம் சொன்னேன்.

"ஜெயிக்கிறவன் பின்னால ஓடுற. நீ எல்லாம் ஒரு ஆளா? தோக்குற டீமோட குந்திகினு இருக்கத் தெம்பு வேணும்டா. ஒனக்கு அது இல்ல!"

நீ டீயை வைத்துவிட்டுச் சிரித்தாய். "ஆமா மச்சான். தெம்பு இல்ல."

ஏழுமலை, அந்த ஆறு மாதத்தில் நீ என்னிடம் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாய். நானும் பதிலுக்குச் சிரிக்காமல் பஸ் ஏறிவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு ஜெர்மன் லீக் விடுமுறை விட்டது. நானும் உன் வீட்டுக்கு விடுமுறை விட்டேன். லீக் ஜனவரியில் திரும்பியது. நான் திரும்பவில்லை. நீ மன்னிப்புக் கேட்டு வரவேண்டும் என்று காத்திருந்தேன்.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை காலை, பத்திரப் பதிவு ஆபீஸ் வாசலில் ஒரு கிரையப் பத்திரத்தைப் பாதி எழுதியிருந்தேன். செய்தி வந்தது. மாரடைப்பு என்று நானாக நினைத்துக்கொண்டேன். யாரும் திருத்தவில்லை. வீட்டு மச்சான் என்ற முறையில் கண்ணீர் அஞ்சலி பேனருக்குச் சொல்ல ராட்டினங்கிணற்றுப் பக்கம் இருக்கிற பாபுவின் ஃப்ளெக்ஸ் கடைக்கு ஓடினேன். நல்ல போட்டோ ஒன்றும் கைவசம் இல்லையே என்று வழியெல்லாம் கவலை.

பாபு கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினான். "டிசைன் ரெடியா கீது அண்ணாத்த. தேதி மட்டும் போடணும்."

"அதுக்குள்ள யாரு குட்த்தா?"

"அவரேதான். ஆயுத பூஜைக்கு மொத நாளு வந்து குந்திகினு போட்டோல்லாம் செலக்ட் பண்ணிட்டுப் போனாரு. கண்ணீர்ல 'ண்'ணுக்குப் பதிலா 'ன்' போட்டிருந்தேன், அதக்கூட கரீக்ட் பண்ணாரு. உங்களுக்குத் தெரியாதா அண்ணாத்த? கணையத்துல கேன்சருன்னு..." என்றவன், என் முகத்தைப் பார்த்துவிட்டு மௌஸை உருட்ட ஆரம்பித்தான்.

நம் ஊரில் பேனர் இல்லாமல் யாரும் சாக முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் சாகிறவனே வந்து புரூஃப் பார்த்துவிட்டுப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. திரையில் நீ மஃப்ளர் போட்டுச் சிரித்தாய். பிறந்த தேதி இருந்தது. மறைந்த தேதிக்கு இடம் விட்டிருந்தாய். கீழே 'ஆறாத் துயரில்' என்ற தலைப்பில் முதல் ஆளாக நான். ஏதோ ஒரு கோலுக்கு வாயைப் பிளந்து கத்தும்போது நீ எடுத்த படம். அதாவது, டீக்கடையில் உன்னைத் திட்டிய அந்த டிசம்பரில், பாபுவின் கம்ப்யூட்டரில் நான் ஏற்கெனவே உனக்காக அழுதுகொண்டிருந்தேன்.

ஒருவன் சார்பில் கையெழுத்துப் போடவே பவர் பத்திரம் வேண்டும். யாரைக் கேட்டு என் சார்பில் துயரப்பட்டாய்?

அஸ்தி கரைக்க மாமல்லபுரம் போனோம். உன் தம்பி கலயத்தோடு தண்ணீரில் இறங்கினான். கறுப்புக் கண்ணாடி விற்கிறவன் ஒருத்தன் துக்கம் என்றும் பாராமல் என்னிடம் இரண்டு முறை வந்தான். வாங்கிப் போட்டிருக்கலாம், கண்ணுக்கு உதவியிருக்கும். கோமதி மணலில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒனக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"செப்டம்பர்லேர்ந்து."

"என்கிட்ட சொல்லணும்னு தோணல?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாருண்ணா." அவள் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பாக்குறவன்லாம் பாவம் பாக்குறான், ஒங்கண்ணன் ஒருத்தன்தான் திட்டுறான், அதுவும் போச்சுன்னா நான் இப்பவே செத்த மாரின்னாரு. நீ டீக்கடையில கத்துனியே, அன்னிக்கு வூட்டுக்கு வந்து எவ்ளோ சந்தோசமா சொன்னாரு தெரியுமா? 'ஒங்கண்ணன் இன்னா கிழி கிழிச்சான்டி'ன்னு. அன்னிக்கு ரெண்டு இட்லி சேத்துத் துன்னாரு."

உனக்கு இரண்டு இட்லி கூடுதலாக இறங்கியது, சரி. எனக்கு என்ன இறங்கியது என்று யோசித்தாயா? சாகக் கிடந்தவனை நடுத்தெருவில் வைத்துத் திட்டியவன் என்று நான் மீதி நாளெல்லாம் இருக்க வேண்டும். கடைசி இரண்டு மாதம் உன் வீட்டுப் பக்கம் வராதவன் என்றும். என்னை நல்லவனாக இருக்க விடாமல் செய்தாய். அதற்கு என் தங்கையைக் கூட்டுச் சேர்த்தாய். அவளிடம், "இனிமே நீ யாரோ, நான் யாரோ" என்று சொல்லிவிட்டுத் திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் ஏறினேன். ஆட்டம் பார்ப்பதையும் அன்றோடு நிறுத்தினேன். கிளப் எந்த இடத்தில் இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை.

மே மாதம் ஒரு மத்தியானம் கோமதி போன் செய்தாள். எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் எடுத்தேன்.

"அண்ணா, நம்ம டீமு பதினாறாவது எடத்துல கீது. கடைசி மேட்ச்சு பாக்கி கீது. அப்போ எறங்கிடுவாங்களா, மாட்டாங்களா? யாரக் கேட்டாலும் தெரியலங்கிறான்."

அவளே தொடர்ந்தாள். "அவரு போனதுலேர்ந்து வாராவாரம் போட்டுப் பாத்துகினுதான் கீறேன். பாதி புரியல. கோல் அடிச்சிட்டுக் கட்டிப் புடிச்சிகினாங்க, அப்பறம் அத இல்லன்னுட்டாங்க. எதுக்குண்ணா?"

இந்தியாவில் எத்தனை கோடிப் பேர் இருக்கிறோம். பதினாறாவது இடத்துக்கு வந்தவனுக்கு என்ன நடக்கும் என்று என் தங்கை கேட்பதற்கு என்னைத் தவிர வேறு ஆள் இல்லை. நான் வைராக்கியத்தைச் சற்று ஒத்திவைத்தேன். பதினேழும் பதினெட்டும் நேராக இரண்டாம் லீக்குக்கு இறங்கும். பதினாறுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு, கீழ் லீக்கில் மூன்றாவதாக வந்தவனோடு இரண்டு ஆட்டம் ஆடி ஜெயித்தால் தங்கலாம். அவள் திருப்பித் திருப்பிக் கேட்டாள். அடித்த கோலை இல்லையென்று ஆக்கும் ஆஃப்சைடு விதிக்கு வந்தபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. உன் பெயரை இருவரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை ஏழு மணிக்கு உன் வீட்டில் இருந்தேன். கடைசி நாள் என்பதால் ஒன்பது ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடந்தன. கோமதி நீ உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்து கோல்கீப்பரை அவன் பரம்பரையோடு சேர்த்துத் திட்டினாள். அந்த ஒன்றில் உன்னைவிடத் தேர்ந்துவிட்டாள். நம் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. அப்படியே முடிந்தால் பதினாறு. கடைசி நிமிடங்களில் வேறொரு ஊரில் நமக்குக் கீழே இருந்த கிளப்புக்காக யாரோ ஒரு கோல் அடித்தான். திரையின் மூலையில் பட்டியல் மாறியது. நாம் பதினேழு.

"நம்ம மேட்ச்சுல ஒன்னியும் ஆவலயே! எப்புடிண்ணா எறங்குவோம்?"

"வேற எடத்துல ஆச்சு கோமு. நமக்குத் தெரியாம ஆச்சு."

அவள் டிவியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "பதினாறாம் நாளு காரியத்துக்குக் கூட வரல நீ," என்றாள். "நீ எல்லாம் ஒரு அண்ணனா?"

"மூடிகினு தோசை ஊத்து," என்றேன். "பசிக்குது."

மூன்று மாதமாக அவளிடம் எல்லோரும் மெல்லிய குரலில்தான் பேசியிருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தவர்கள்கூட வாசலில் நின்று, "நீ வந்துதான் ஆகணும்னு இல்லம்மா" என்று இரக்கப்பட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் அதட்டியதும் அவள் கரண்டியை எடுத்துக்கொண்டு அடிக்க வந்தாள். தோசை நன்றாக இருந்தது.

ஆகஸ்டில் இரண்டாம் லீக் தொடங்குகிறது. அந்த ஆட்டங்கள் நம் நேரத்துக்கு நாலரை மணிக்கே வரும். இங்கே யாரும் ஒளிபரப்புவதில்லை. எங்கிருந்தாவது பிடித்துவிடலாம் என்கிறாள். வாராவாரம் வருவேன். அவளைப் பாவம் பார்க்க மாட்டேன், அவள் அழுதால் மட்டும் டீ போடுவேன். இது சுயநினைவோடும் யாருடைய தூண்டுதலும் இல்லாமலும் நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

இதைப் படித்துவிட்டு உன்னையும் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அவளை மன்னித்தேன், அவ்வளவுதான். நம் கிளப் மறுபடி முதல் லீக்குக்கு ஏறுகிற அன்று உன் விஷயத்தைப் பற்றி யோசிக்கிறேன். அந்தக் கிளப்பை உனக்குத் தெரியும். நீ கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
உன்னிடம் கேட்காமல் இந்த முறை தன் பெயரைத் தானே போட்டுக்கொள்ளும்,
உன் மச்சான்
தணிகாசலம்