ஃபைலைத் திறந்தவள்

மார்ச் 4

என்னங்க,

இரண்டு வருடமாக எழுதாதவள் திடீரென எழுதினால் பயம்தான் வரும். பயப்படாதீர்கள், சண்டைக்கு வரவில்லை. போனில் ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன் என்று உங்களுக்கே தெரியும். கடிதம் என்றால் தாள் தீர்ந்ததும் வாயை மூடித்தான் ஆக வேண்டும்.

கிளினிக் வரவேற்பாளர் வேலைக்குப் பயிற்சி எடுக்கிறேன், நம் பெண் சொல்லியிருப்பாள். நாற்பத்து நான்கு வயதில் முதல் பெஞ்சு! பாதி நாள் பாடம், பாதி நாள் கவுண்டர். போனைச் சிரித்துக்கொண்டே எடுக்க வேண்டுமாம், சிரிப்பு குரலில் தெரியுமாம். "உடம்புக்கு என்ன?" என்று நாலு பேர் காதுபடக் கேட்கக் கூடாது. கம்ப்யூட்டர் திரை எதிரே நிற்பவர் கண்ணில் படக் கூடாது. பயிற்சி தருகிற மேடம் எனக்கு வைத்திருக்கும் பெயர் லவுட்ஸ்பீக்கர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நடுவழியில் பஸ்ஸை நிறுத்த முடியாது என்று நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் ஓட்டுகிறீர்களே, அதை விடுங்கள். டாக்டர் டெஸ்ட் எழுதிக் கொடுத்தால் தள்ளிப் போடாதீர்கள். ஸ்கேன் என்றாலும் வலிக்காது, கொஞ்ச நேர வேலைதான். ஏனோ இரண்டு நாளாக உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று மனசில் பட்டுக்கொண்டே இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பெண்ணின் அம்மா

மார்ச் 11

வாயாடிக்கு,

உன் கடிதத்தைப் பிரிக்கவே எனக்கு ஒரு நாள் ஆனது, வக்கீல் நோட்டீஸோ என்று. உனக்குப் பட்டது சரிதான்.

ஒரு மாதமாகச் சிறுநீரில் ரத்தம் போகிறது. நம் பெண்ணிடம்கூடச் சொல்லவில்லை. ஸ்கேனுக்கு இரண்டு தடவை நாள் வாங்கி, இரண்டு தடவையும் ஷிப்ட் இருக்கிறது என்று பொய் சொல்லி ரத்து செய்தேன். பயம்தான், வேறென்ன.

யாருக்கும் தெரியாதது உனக்கு மட்டும் எப்படி மனசில் பட்டது? என் பாக்கெட்டைத் துழாவினாய், போனை நோண்டினாய், கூட வேலை செய்கிற பெண் கண்டக்டருக்குப் போன் போட்டு என் மானத்தை வாங்கினாய். நீ அவ்வளவுதான் என்று முடிவு கட்டித்தான் வீட்டை விட்டு வந்தேன். சொல்லாமலே புரிந்துகொள்கிற மனசும் உன்னிடம் இருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை ஸ்கேனுக்குப் போகிறேன். அதற்குப் பிறகு வீட்டுக்கு வரலாமா என்று யோசனை. கதவைத் திறப்பாயா?

பெண்ணின் அப்பா

மார்ச் 14

என்னங்க,

உங்கள் கடிதம் கிடைத்தது. "திறப்பேன்" என்று ஒரே வார்த்தை எழுதி, உறையை ஒட்டியும் விட்டேன். பிறகு கிழித்துப் போட்டேன்.

என் மனசில் ஒன்றும் படவில்லை. உங்கள் ஃபைலைப் படித்தேன்.

நீங்கள் போகிற கிளினிக்கில்தான் எனக்குக் கவுண்டர் பயிற்சி. ஸ்கேனை ரத்து செய்தவர்களின் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார்கள், உங்கள் பெயர் இரண்டு முறை வந்தது. பெயரைப் பார்த்தது வேலை. ஃபைலைத் திறந்து டாக்டர் எழுதியதைப் படித்தது வேலை இல்லை. தேவையில்லாமல் யார் ஃபைலையும் திறக்க மாட்டேன், சொந்தக்காரர் ஃபைலைத் தொடவே மாட்டேன் என்று முதல் நாளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான். மேடம் டீ குடிக்கப் போனபோது திறந்தேன். உங்கள் சட்டைப் பாக்கெட்டில் கை விடும்போது வருகிற அதே படபடப்பு. இனி அப்படிச் செய்ய மாட்டேன் என்று நம் பெண் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். அது நினைவுக்கு வந்தது. வந்தும் கடைசி வரி வரை படித்தேன்.

வெட்கமாக இருக்கிறதுங்க. படித்ததற்கு மட்டும் இல்லை. எனக்கு நல்ல மனசு என்று நீங்கள் எழுதியதை நாலு தடவை படித்துப் பூரித்துப் போனேனே, அதை நினைத்தால் கண்ணாடி பார்க்கப் பிடிக்கவில்லை.

நேற்று மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவரு புகார் குடுத்தா உங்கள அனுப்பித்தான் ஆகணும். வேண்டாம்னுட்டா, பயிற்சி முதல்ல இருந்து" என்றார். கிளினிக்கிலிருந்து உங்களுக்குப் படிவம் வரும். எனக்காகப் பார்க்காதீர்கள், தோன்றுவதை எழுதுங்கள். ஸ்கேனுக்குப் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

கதவைப் பற்றிக் கேட்டீர்கள். இதைப் படித்த பிறகும் கேட்கத் தோன்றினால் கேளுங்கள்.

உங்கள் பெண்ணின் அம்மா

மார்ச் 24

வாயாடிக்கு,

படிவம் வந்தது. எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம் அப்படி. சொல்லாமலே தெரிந்துகொண்டாள் என் பெண்டாட்டி என்று டெப்போவில் இரண்டு பேரிடம் வேறு பெருமையடித்திருந்தேன். அவர்கள் முகத்தில் இனி எப்படி விழிப்பது?

மூன்று நாள் அந்தப் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடமும் நானாகக் கண்டுபிடித்துக் கேட்பேன், நீ சத்தியம் செய்து மறுப்பாய். நீயாக வந்து சொன்னது இதுதான் முதல் தடவை. அதுவும் நான் சந்தேகமே படாதபோது.

புகார் கொடுக்கவில்லை. ஆனால் என் ஃபைலை வேறு கிளினிக்குக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். உன்மேல் இன்னும் அவ்வளவு நம்பிக்கை வரவில்லை, மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஸ்கேன் எடுத்தாயிற்று, ரிசல்ட்டும் வந்துவிட்டது. என்ன என்று இதில் எழுதப்போவதில்லை. நம் பெண்ணிடமும் சொல்லவில்லை, அவளைக் குடைந்து பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை, அறையில்தான் இருப்பேன். வா. ரிசல்ட் கவர் மேஜைமேலேயே கிடக்கும். அதைத் தொடாதே. என்னைக் கேள்.

பெண்ணின் அப்பா