வரைபடத்தில் விட்டுப்போன கரை

நவம்பர் 3, திங்கள்

மன்னிக்கணும் டைரி, இந்நேரத்துக்குத்தான் கை ஒழிந்தது. மாலையிலிருந்து மழை. காயாத துணி வீடு முழுக்க. யாழினி இப்போதுதான் தூங்கினாள். இரண்டரை வயது. இன்றும் "பா", "மா", "ங்கா". அவ்வளவுதான்.

ஒரு நல்லது: பேச்சுப் பயிற்சி வகுப்புக்கான இணையதளம் முடிந்தது. பேசத் தாமதமாகும் பிள்ளைகளுக்காக எங்கள் தாய்மார் குழு நடத்தப்போவது. இங்கே தீவில், ஜார்ஜ்டவுனில் ஒரு நாள், கடல் தாண்டி சுங்கை பாக்காப்பில் ஒரு நாள். வரைபட வடிவங்களுக்கென்றே ஓர் ஐகான் எழுத்துரு கிடைத்தது. விசையைத் தட்டினால் எழுத்து வராது, ஊரின் வடிவம் வரும். P தட்டினேன். பினாங்கு வந்து நின்றது. எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் கெடவில்லை. மஞ்சள் நிறம். அதைத் தொட்டால் பெயர் பதியும் இடம் திறக்கும்.

வீட்டுக்காரர் குமரனிடம் காட்டினேன்.

"ஆமை மாதிரி இருக்கு லா."

"அழகான ஆமை. வாய மூடு."

நவம்பர் 5, புதன்

வெயில். துணி காய்ந்தது. யாழினிக்குப் பதிந்தாயிற்று, முதல் பெயர். (தளமும் நான், முதல் பெயரும் நான். கொஞ்சம் கூச்சம்.) ஜார்ஜ்டவுன் நிரம்பிவிட்டது. சுங்கை பாக்காப்பில் ஒருவரும் இல்லை.

வாட்ஸ்அப்பில் குழுத் தலைவி சாந்தி அக்கா: "அந்தப் பக்கம் யாருக்கும் அக்கறை இல்ல போல. டீச்சர ரெண்டு நாளும் இங்கயே வரச் சொல்லிடலாமா?"

கட்டைவிரல் போட்டேன். யோசிக்கவே இல்லை. இரண்டு நாள் என்றால் யாழினிக்கு இரண்டு வகுப்பு.

வாங்க: டயப்பர், தேங்காய்ப்பால், இருமல் மருந்து.

நவம்பர் 7, வெள்ளி

மேரி அக்கா போன். சுங்கை பாக்காப்பில் பாலர் பள்ளி நடத்துபவர். அங்கே வகுப்புக்கு இடம் தந்தவர்.

"ஏம்மா கவிதா, ஒங்க பேஜ்ல தீவு மட்டுந்தான இருக்கு. நாங்க எங்க தொடுறது, கடல்லயா?"

சிரித்தார். பின்னால் ஒரு பெண் குரல்: "தீவுக்காரங்களுக்கு மட்டும்னு நெனச்சி நான் விட்டுட்டேன் அக்கா."

திறந்து பார்த்தேன். அந்த எழுத்துருவில் தீவு ஓர் எழுத்து, சுங்கை பாக்காப் இருக்கும் எதிர்க்கரை, செபராங் பிறை, இன்னோர் எழுத்து. இரண்டும் சேர்ந்துதான் பினாங்கு மாநிலம். நான் தீவோடு நிறுத்திவிட்டேன். தொட வடிவமே இல்லை, பிறகு எப்படிப் பெயர் வரும்?

வேறு யாராவது செய்திருந்தால் போகட்டும். நான் பிறந்து வளர்ந்ததே சுங்கை பாக்காப்பில். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு, பினாங்கு என்றால் தீவுதான் என்று வாய் பழகிவிட்டது. கண்ணும்.

அதைவிட மோசம், மேரி அக்காவுக்கு நான் சொன்ன பதில். "லைன் பிரச்சினைக்கா, பாக்குறேன்."

"பரவால்லம்மா. நம்ம ஊரு பொண்ணு, நீ பாத்துக்குவ."

சோறு இறங்கவில்லை.

நவம்பர் 8, சனி

மறுபடி மழை. விட்ட வடிவத்தைச் சேர்த்தேன். ஓர் எழுத்து. அவ்வளவே வேலை.

சாந்தி அக்காவுக்குப் போன். "டீச்சர் சரின்னுட்டாங்க லா. பேரே வரல, இனி எதுக்கு மாத்தணும்?" காரணத்தைச் சொல்லாமலே வைத்துவிட்டேன். கோழை.

குமரன்: "சொல்லிடு. தலையா போயிரும்?"

"கம்ப்யூட்டர் படிச்சவள்னுதான் எனக்கு இந்த வேலையக் குடுத்தாங்க."

"படிச்சவளுக்குச் சொந்த ஊரு தெரியலன்னு சிரிப்பாங்க. சிரிச்சிட்டுப் போவட்டும்."

யாழினி மேசைக்கடியில் "ங்கா, ங்கா". அந்தப் போனில் பேசிய பெண்ணின் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கும். அது என்ன சொல்லுமோ.

குழுவில் உண்மையைப் போட்டேன். எல்லாரும் படித்ததற்கு நீல டிக் வரிசையாக. டீச்சருக்கு நானே போன் செய்தேன். திங்களுக்குள் ஐந்து பெயராவது வந்தால் ஒரு நாள் சுங்கை பாக்காப் போவாராம். பிறகு மேரி அக்காவுக்கு அனுப்பியது, அப்படியே:

"அக்கா, லைன் பிரச்சினை இல்ல. நம்ம ஊர நாந்தான் போடாம விட்டேன். நேத்து ஒங்ககிட்ட பொய் சொன்னேன். இப்ப போட்டாச்சு, மஞ்சள் தீவுக்குப் பக்கத்துல பச்சையா இருக்கும். திங்களுக்குள்ள அஞ்சு பேர் வேணும். நேத்து பின்னால பேசினவங்ககிட்ட மொதல்ல சொல்லுங்க. பேர் சேராம வகுப்பு நின்னுபோனா, ஜார்ஜ்டவுன்ல யாழினி எடத்த அவங்க பிள்ளைக்குக் குடுத்துடறேன். சீக்கிரம் பதில் போடுங்கக்கா."